ரிட்டனுக்குப் பேரம் பேசுகிறவர்களே வருகிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: திருப்பூரில் ஜிஎஸ்டி பிராக்டிஷனராக இருக்கிறேன். ஏற்றுமதியாளர்களுக்கு ரீஃபண்ட், அதாவது கட்டிய வரியைத் திரும்ப வாங்கித் தருவதில் நல்ல அனுபவம் உண்டு. ‘சிறு, குறு தொழில்களுக்கு ஜிஎஸ்டி ஆலோசனை’ என்று கார்டு அடித்தேன்; வாட்ஸ்அப்பிலும் போட்டேன். வருகிறவர்கள் மாத ரிட்டனுக்கு (வரிக் கணக்குத் தாக்கலுக்கு) எவ்வளவு என்று கேட்டுவிட்டு, விலை குறைவான இடத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் யாரைத் தேட வேண்டும்?

பதில்: ‘சிறு, குறு தொழில்’ என்றால் மளிகைக் கடைக்காரரும் அதில் வருவார், பிரிண்டிங் ஜாப் ஒர்க் செய்பவரும் வருவார். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ரிட்டன் மட்டுமே. அதை யாரும் செய்து தருவார்கள் என்பதால் பேச்சு விலையில் போய் நிற்கிறது.

யாருடைய பணம் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) கட்டிச் சரக்கு அனுப்பினால், கஸ்டம்ஸில் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பமாகிவிடும். ஆனால் அதிலுள்ள இன்வாய்ஸ் எண்ணும் விற்பனை விவர ரிட்டனான ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றிய எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் எஸ்பி005 என்று பிழை காட்டி, பணம் கஸ்டம்ஸில் நின்றுவிடும். எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரி கட்டாமல் அனுப்பியவர், நூலுக்கும் சாயத்துக்கும் கட்டிய வரியை ஆர்எஃப்டி-01 என்ற விண்ணப்பம் வழியாக 2 ஆண்டுக்குள் திரும்பக் கேட்டாக வேண்டும்.

பெரிய கம்பெனிகளில் இதற்கென்றே ஆள் இருப்பார்கள். சம்பளம், பிஎஃப், பேங்க் என எல்லாவற்றையும் ஒரே அக்கவுண்டன்ட் பார்க்கும் சின்ன ஏற்றுமதி யூனிட்தான் உங்களுக்கான இடம். அங்கே ரீஃபண்ட் தள்ளிப்போனால் அடுத்த ஆர்டருக்கு நூல் வாங்கவே வட்டிக்குப் பணம் புரட்ட வேண்டும். அவர்கள் உங்கள் கட்டணத்தை அந்த வட்டியோடுதான் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

பழைய ஃபைல்களை எடுத்து, பேரம் பேசாமல் பணம் கொடுத்தவர்களைத் தனியே வையுங்கள். அவர்களை அனுப்பியது யார், முதல் போனில் என்ன சொன்னார்கள் என்று நினைவுபடுத்தி எழுதுங்கள். ‘ரீஃபண்ட் ஆலோசனை வேண்டும்’ என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘சார், ஐஜிஎஸ்டி இன்னும் அக்கவுண்ட்ல விழல’ என்றுதான் கேட்டிருப்பார்கள். அந்த வரியையே உங்கள் பதிவின் தலைப்பாக வையுங்கள்.

இன்னொன்றை மிக முக்கியமாக நினைக்கிறேன். பணம் கொடுப்பவர் முதலாளி. உங்களைத் தேடுபவர் அக்கவுண்டன்ட். உங்களைக் கூப்பிட்டால் தன் தவறு முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு இருக்கும். யார் செய்த பிழை என்று கிளறாமல், திருத்தும் வழியை மட்டும் எழுதுங்கள். அப்படி எழுதுகிறவரிடம் அவர் தயங்காமல் வருவார்.

ஷிப்பிங் பில் சிக்கல் முதலில் காதில் விழுவது கஸ்டம்ஸ் வேலையைப் பார்த்துத் தரும் கிளியரிங் ஏஜென்ட்டுக்கு. இரண்டு மூன்று ஏஜென்ட்களிடம் நேரில் பேசி வையுங்கள். எல்யூடியை நிதியாண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதால் மார்ச் மாதம் அவர்களிடம் பேசத் தோதான சமயம்.

ரிட்டன் வேலையை இப்போதே விட்டுவிட வேண்டாம், ஆபீஸ் வாடகை அதில்தான் வரும். கார்டின் முதல் வரியிலிருந்து மட்டும் அதை எடுத்துவிடுங்கள்.