மிதவையில் உயிர் இறால் சாகாமல் இருக்க

முகத்துவாரத்தில் கொடுவா மீனுக்குத் தூண்டில் மிதவை போட்டால், இரையாகக் கோத்த உயிர் இறால் பத்தே நிமிடத்தில் செத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தூண்டில் முள் குத்தும் இடத்தைப் பாருங்கள், நண்பரே. இறாலை வெளிச்சத்தில் பிடித்தால் தலைக்குள் கருப்பாக ஒரு திட்டு தெரியும். முள் அதைத் தொட்டால் இறால் உடனே செத்துவிடும். அந்தத் திட்டுக்கு முன்பக்கம், தலையில் கூராக நீட்டியிருக்கும் கொம்புக்கு அடியில், மெல்லிய கம்பி முள்ளைக் குறுக்காகக் குத்துங்கள். பின்னோக்கித் துள்ளிக்கொண்டே இருக்கும். கொடுவாவை இழுப்பதே அந்தத் துள்ளல்தான்.

அப்புறம், வாளியை நிழலில் வையுங்கள். மீன் பிடிக்கும் இடத்து நீரையே அடிக்கடி மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். வேகமாக வீசாதீர்கள், இறால் பிய்ந்துவிடும். இரை தரைக்கு ஓரடி மேலே நிற்கட்டும். மிதவை அமுங்கியதும் இழுக்காமல், தூண்டில் நரம்பு இறுகும்வரை பொறுங்கள்.