ட்ரிப்பல் போன்ற ஸ்ட்ராங்கான பெல்ஜியம் பீரை வீட்டில் காய்ச்ச எந்த உலர் ஈஸ்ட் வாங்கலாம்?

உலர் ஈஸ்ட் என்பது ஈரத்தை எடுத்துத் தூங்கவைத்த உயிருள்ள ஈஸ்ட், அவ்வளவுதான். அதில் பார்க்க வேண்டியது ரெண்டு: எவ்வளவு ஆல்கஹால் வரை தாங்கும், எவ்வளவு சர்க்கரையைத் தின்று முடிக்கும். வெஸ்ட்மாலே என்ற பெல்ஜியம் ட்ரிப்பலில் ஆல்கஹால் 9.5 சதவீதம்; அந்த அளவுக்குப் போகும்போது ஈஸ்ட் உண்டாக்கிய ஆல்கஹாலே அதை முடக்கும், பாதியில் நின்றுபோனால் பீர் பாகு மாதிரி தித்திக்கும்.

என் தேர்வு லாலிமண்ட் கம்பெனியின் அபே ஈஸ்ட். 14 சதவீதம் வரை தாங்கும், கிராம்பும் பழமும் கலந்த வாசனை தரும். கிராம்பு பிடிக்காதவர்களுக்கு சஃபேல் பிஇ-256. அதே சஃபேலின் டி-58 மிளகு வாசனைக்கு அருமை, ஆனால் சர்க்கரையை மிச்சம் வைக்கும், அதனால் ட்ரிப்பலுக்கு வேண்டாம்.

அப்புறம், 20 லிட்டருக்கு 11 கிராம் பாக்கெட் ஒன்று பத்தாது, ரெண்டு போடுங்கள். முந்நூறு இலைப் பந்திக்கு ஒரே ஆள் பரிமாறினால் என்ன ஆகும், அதே கதைதான் இங்கேயும்.

ஈஸ்ட் கூடினால் போதை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள்; இல்லை, ஆல்கஹால் வருவது சர்க்கரையிலிருந்து, ரெண்டாவது பாக்கெட் அதைத் தின்று முடிக்கத்தான்.