பாதியில் நிற்கும் கட்டிலும் கதவும்: செங்கோட்டை நண்பருக்கு

அண்ணாச்சி, இரண்டு வருஷமா திண்ணையில் கிடக்கிற அயினி (காட்டுப்பலா) மரக் கட்டில், பிரித்த அரை மூட்டை சிமெண்ட், ஒரு பக்கம் மட்டும் எனாமல் அடித்த கதவு, இதில் எதைக் கைவிடலாம்னு கேட்டிருந்தீங்க.

சிமெண்ட்டை இன்றைக்கே விடுங்க. பிரித்த மூட்டை ரெண்டு சாரலைத் தாங்காது, ஈரக்காற்றிலேயே இறுகியிருக்கும். சலித்தாலும் பூச்சு நிற்காது. கொல்லைப் பள்ளத்தில் கொட்டுங்க.

கட்டில்தான் பார்க்க வேண்டியது. கவிழ்த்துப் போட்டு, மரத்தின் வெள்ளைப் பகுதியில் குண்டூசித் துளை இருக்கான்னு பாருங்க. இருந்தால் தூளைச் சுத்தமா துடைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து 10 நாள் விடுங்க. புதுசா மாவு உதிர்ந்தால் வண்டு உள்ளே வேலை செய்யுது. ஒவ்வொரு காலையும் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்துங்க. அரை சென்டிமீட்டர் இறங்கினால் அந்தக் கால் போச்சு. ஒரு கால் என்றால் மாற்றலாம். இரண்டுக்கு மேல் என்றால் கூலிக்குப் புதுக் கட்டிலே வந்துடும். கழுந்து, அதாவது துளையில் செருகுற முனை, துளைக்குள் ஆடுவது பெரிய குறையில்லை, மரம் காய்ந்து சுருங்கினது. மரச் சீவல் வைத்து ஃபெவிகால் போட்டால் பிடிக்கும்.

கதவை முடிச்சிடுங்க, அரை நாள் வேலைதான். டின்னில் மேலே படிந்த ஆடையை எடுத்துக் கலக்கிப் பாருங்க. ஜெல்லி மாதிரி இருந்தால் தின்னர் ஊற்றியும் பிரயோஜனமில்லை, புது டின் வாங்குங்க. நன்றாகக் கலந்தால் பழைய நைலான் துணியில் வடிகட்டி, கதவை 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து அடிங்க. ஆனா சாரலில் வேண்டாம், எனாமல் மங்கிடும்.

கட்டிலை விடுவதானால் விறகுக்குப் போடாதீங்க. வைரம் (கெட்டியான உள்மரம்) தேறின பலகைக்கு ஆசாரியே ஆள் அனுப்புவார்.