பாக்கியைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது

கேள்வி: 6 வருடமாக வீட்டிலிருந்தே கிராஃபிக் டிசைன் வேலை செய்கிறேன். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையண்டிடமிருந்து வருகிறது. நல்ல மனிதர், மரியாதையாகத்தான் பேசுவார். ஆனால் "சின்ன மாற்றம்தான்" என்று சொல்லியே ஒரு பிரோஷரை 9 முறை திருத்த வைத்துவிட்டார். ராத்திரி 11 மணிக்கு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. முடித்துக் கொடுத்து 3 மாதமான இரண்டு வேலைகளுக்கு இன்னும் பணம் வரவில்லை. இப்போது அவற்றின் ஓப்பன் ஃபைலையும் அனுப்பச் சொல்கிறார். பணத்தைக் கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. "வீட்டில் சும்மாதானே இருக்கே" என்று வேலை வாங்கும் சொந்தக்காரர்கள் வேறு. இவரை விட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

தோழி, முதலில் அந்த ஓப்பன் ஃபைலை அனுப்பாதீர்கள். மற்றதையெல்லாம் பொறுமையாகப் பேசலாம், இது மட்டும் அவசரம்.

அவர் அச்சுக்குக் கேட்டது பிரோஷர், நீங்கள் கொடுத்தது அச்சுக்குத் தயாரான பிடிஎஃப். அதோடு அந்த வேலை முடிந்தது. ஓப்பன் ஃபைல் என்பது வேறு சமாச்சாரம், அதை வைத்து இன்னொருவர் உங்கள் டிசைனைப் பிரித்துத் திருத்தி அடுத்த பிரோஷரையும் செய்துகொள்ளலாம். அதனால்தான் நம் தொழிலில் பலர் அதற்குத் தனியாக விலை வைக்கிறார்கள், இல்லையென்றால் முழுப் பணமும் வந்த பிறகுதான் கொடுக்கிறார்கள். உரிமையைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். படைப்பாளிகளின் உரிமையைக் காக்க நாடுகள் சேர்ந்து 1886-இல் கையெழுத்திட்ட பெர்ன் உடன்படிக்கையின் 1908 திருத்தத்திலிருந்து, அதில் சேர்ந்த நாடுகளில் படைப்பு உருவானதுமே பதிப்புரிமை (காப்பிரைட்) பிறந்துவிடுகிறது, எங்கேயும் போய்ப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் காசு வாங்கிக்கொண்டு பிறருக்காகச் செய்த வேலையில் அந்த உரிமை யாரிடம் இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஆகவே பழைய மெயில்களைத் தேடிப் பாருங்கள். ஓப்பன் ஃபைல் தருவதாக எங்கேயாவது எழுதியிருந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், பாக்கி தீர்ந்ததும் அனுப்புகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம். எழுதவில்லை என்றால் அது இனிமேல் பேச வேண்டிய விஷயம், அவ்வளவுதான்.

இனி பணம். இந்தக் கூச்சம் எனக்கு நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு நிறுவனத்துக்குப் பெரிய மொழிபெயர்ப்பு வேலை செய்து கொடுத்தேன். பணம் வரவில்லை. கேட்டால் அல்பமாக நினைப்பார்களோ என்று 5 மாதம் வாயைத் திறக்கவில்லை. திறக்காத அந்த 5 மாதமும் மனதுக்குள் அந்த மனிதரோடு சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன், அவர் புது வேலை அனுப்பினால் வெடுக்கென்று பதில் எழுதினேன், இரண்டு முறை நேரமில்லை என்று பொய் சொல்லித் தட்டிக் கழித்தேன். கடைசியில் பொறுக்க முடியாமல் கேட்டபோதுதான் தெரிந்தது, என் இன்வாய்ஸ் அக்கவுண்ட்ஸ் பிரிவுக்குப் போகவே இல்லை. நான் அனுப்பியது வேலை கொடுத்தவரின் மெயிலுக்கு, அவர் அதைப் பார்த்துவிட்டு மேலே அனுப்ப மறந்துவிட்டார். கேட்ட 10 நாளில் பணம் வந்தது. ஆனால் அவருக்கும் எனக்கும் இருந்த அந்தப் பழைய சகஜம் திரும்ப வரவேயில்லை. அதைக் கெடுத்தது நான் கேட்ட பணம் அல்ல, கேட்காமல் இருந்த 5 மாதம். உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அதே மாதங்களில் நீங்கள் இருப்பது போலத்தான் தோன்றுகிறது. இன்னும் நல்ல மனிதர் என்றுதான் எழுதுகிறீர்கள். அந்த எண்ணம் மிச்சம் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நீங்கள் முறையாக இன்வாய்ஸ் அனுப்பினீர்களா என்று கடிதத்தில் இல்லை. "சார், அமவுண்ட் கொஞ்சம் பார்த்து அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் போடுவது இன்வாய்ஸ் ஆகாது. வரிசை எண், தேதி, எந்த வேலை, எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள் தர வேண்டும், எந்தக் கணக்கில் போட வேண்டும், இத்தனையும் ஒரு தாளில் இருக்க வேண்டும். "30 நாளில்" என்று எழுதுவதைவிடக் கெடு தேதியையே எழுதிவிடுங்கள், எண்ணிப் பார்க்க வேண்டிய வேலை அவருக்கு இருக்கக்கூடாது. வேலையை முடித்த அன்றே அனுப்புங்கள். பல இடங்களில் 30 நாள் கணக்கு இன்வாய்ஸ் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது, நீங்கள் 20 நாள் கழித்து அனுப்பினால் அந்த 20 நாளையும் நீங்களே கடன் கொடுத்த மாதிரி. அப்புறம், பணத்தைப் பட்டுவாடா செய்பவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவரும் பணம் போடுபவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை.

இன்றைக்கே இரண்டு வேலைகளுக்கும் இன்வாய்ஸ் போட்டு, கூடவே இப்படி எழுதுங்கள்: "வணக்கம் சார். முடித்துக் கொடுத்த இரண்டு வேலைகளுக்கான இன்வாய்ஸை இணைத்திருக்கிறேன். இரண்டும் 3 மாதமாக நிலுவையில் இருக்கின்றன. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப முடியுமா? அக்கவுண்ட்ஸில் நான் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள், பேசுகிறேன்." இவ்வளவு போதும். "தப்பா நினைக்காதீங்க" வேண்டாம், "வீட்டில் கொஞ்சம் கஷ்டம்" வேண்டவே வேண்டாம். நீங்கள் உதவி கேட்கவில்லை, செய்த வேலைக்குக் கூலி கேட்கிறீர்கள். வெள்ளிக்கிழமை வராவிட்டால் திங்கள்கிழமை போனில் கூப்பிட்டு எந்தத் தேதியில் வரும் என்று மட்டும் கேளுங்கள், அவர் சொல்லும் தேதியை உடனே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். அந்தத் தேதியும் தாண்டினால், பாக்கி வரும்வரை புது வேலை எடுக்க முடியாத நிலையில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே எடுக்காதீர்கள். கோபமாகச் சொல்லத் தேவையே இல்லை. சொல்லிவிட்டு மறுநாள் "சரி, இது ஒன்று மட்டும்" என்று செய்து கொடுப்பதுதான் மோசம், அதற்கப்புறம் நீங்கள் சொல்கிற எந்தத் தேதிக்கும் மதிப்பு இருக்காது.

அந்த 9 திருத்தங்களுக்கு வருகிறேன். இதில் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சின்ன மாற்றம்" என்றால் என்ன என்று அவருக்கு யாருமே சொல்லவில்லையே. ஒரு படத்தை இடமிருந்து வலத்துக்கு மாற்றினால் மற்ற 3 பக்கங்களும் கலையும் என்பது நமக்குத்தான் தெரியும், அவருக்கு அது ஒரு நிமிட வேலையாகத் தெரிகிறது. இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. 9 முறை மாற்றியது அவர் ஒருவராக இருக்காது. பின்னால் ஒரு பங்குதாரர், ஒரு மேனேஜர், வீட்டில் ஒருவர் என்று ஆளாளுக்குப் பார்த்து ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். அதனால் அடுத்த வேலைக்கு முன்பே, இறுதியாக ஓகே சொல்பவர் யார் என்று கேளுங்கள். எல்லாரும் பார்த்து முடித்த பிறகு கரெக்‌ஷன் மொத்தமும் ஒரே மெயிலில் வரட்டும். வாய்ஸ் மெசேஜில் வந்தால் கேட்டுவிட்டு, "நான் புரிந்துகொண்டது இது: அட்டையில் லோகோ பெரிதாக வேண்டும், 2-ஆம் பக்கத்தில் படம் மாற வேண்டும். சரிதானே?" என்று எழுத்தில் திருப்பி அனுப்பி, அவர் சரி என்ற பிறகே கை வையுங்கள். இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனையோ சண்டைகளை மிச்சப்படுத்தியிருக்கிறது.

கொட்டேஷனிலேயே எழுதிவிட வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. எத்தனை மாதிரி காட்டுவீர்கள், எத்தனை சுற்றுத் திருத்தம் விலைக்குள் அடங்கும் (2 சுற்று என்பது நியாயமான அளவு), அதற்கு மேல் ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு. எது திருத்தம், எது புது வேலை என்பதையும் சொல்லுங்கள். எழுத்துப்பிழை, நிறம், எழுத்தின் அளவு எல்லாம் திருத்தம். ஓகே சொன்ன பிறகு அமைப்பையே மாற்றுவதும் பக்கம் கூட்டுவதும் புது வேலை. வாசகங்களும் படங்களும் அவரிடமிருந்து எப்போது வர வேண்டும் என்று ஒரு தேதி போடுங்கள், அது தள்ளிப்போனால் உங்கள் கெடுவும் அதே அளவு தள்ளிப்போகும் என்பதையும் சேர்த்து. பணத்தைப் பொறுத்தவரை பாதி அட்வான்ஸ், டிசைன் ஓகே ஆனதும் கால் பங்கு, இறுதி ஃபைல் கொடுப்பதற்கு முன் மீதிக் கால் பங்கு. பாதியில் வேலையை நிறுத்தினால் அதுவரை செய்ததற்கு எவ்வளவு என்பதும் ஒரு வரி. இத்தனையும் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். வக்கீல் பாஷை வேண்டாம், மெயிலில் எழுதி "சம்மதம்" என்று ஒரு பதில் வாங்கினாலே பாதிப் பிரச்சினை வராது.

விலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட முடியவில்லை. அந்த பிரோஷரை 20 மணி நேர வேலை என்று நினைத்து விலை சொல்லி, திருத்தங்களோடு 45 மணி நேரம் ஆகியிருந்தால் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. இது கண்ணுக்குத் தெரியாத நஷ்டம், குறித்து வைத்தால்தான் தெரியும். அதனால் ஒரு மாதத்துக்கு எந்தக் கிளையண்டுக்கு எத்தனை மணி நேரம் போகிறது என்று எழுதுங்கள், போன் பேச்சையும் சேர்த்து. இன்னொரு கணக்கும் பாருங்கள். வாரம் 40 மணி நேரம், 52 வாரம் என்றால் வருடத்துக்கு 2,080 மணி. பலர் தனக்கு வேண்டிய வருமானத்தை இதால் வகுத்துத்தான் மணிக்கு இவ்வளவு என்று விலை வைக்கிறார்கள். ஆனால் விடுமுறை, காய்ச்சல், வேலை வராத நாள் என்று 6 வாரம் கழித்து, கொட்டேஷன், இன்வாய்ஸ், மெயில், கிளையண்ட் தேடுவது என்று போகிற நேரத்தையும் கழித்தால் காசாக மாறுவது வாரத்துக்கு 25 மணி நேரம் இருந்தாலே பெரிது. 46 வாரத்துக்கு 1,150 மணி. கிட்டத்தட்ட பாதி. அதாவது நீங்கள் வைக்க வேண்டிய விலை, முதல் கணக்கில் வந்ததைப் போல் சுமார் 1.8 மடங்கு. இதை ஒரே நாளில் ஏற்ற முடியாது என்பது எனக்கும் தெரியும். புதிதாக வருபவர்களிடம் புது விலை சொல்லுங்கள், பழையவர்களுக்கு ஒரு மாதம் முன்னால் தெரிவித்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

ராத்திரி மெசேஜ்: அவர் அனுப்புவது தப்பில்லை, நினைவு வந்தபோது அனுப்புகிறார். 11 மணிக்கு வந்ததற்கு 11.05-க்கு நீங்கள் பதில் போடுவதுதான் அவருக்கு அதைப் பழக்கிவிட்டது. காலை 10 மணிக்குப் பதில் போடுங்கள், இரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். சொந்தக்காரர்களுக்கும் இதேதான். வேலை நேரம் இன்னது என்று சொல்லிவிட்டு அந்த நேரத்தில் போனை எடுக்காமல் இருங்கள், விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சரி, இவரை விட்டுவிடலாமா? இப்போது வேண்டாம். பாதிக்கு மேல் வருமானம் தருபவரை ஒரு நாள் கோபத்தில் விட்டால், அடுத்து வருகிற முதல் ஆளிடம் இதைவிட மோசமான நிபந்தனைக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும். உங்கள் பயத்துக்கு நிஜமான காரணமும் அந்தப் பாதிதான். வாரத்தில் இரண்டு காலை நேரங்களை ஒதுக்கி, முன்பு உங்களிடம் வேலை வாங்கித் திருப்தியாகப் போனவர்களுக்கு எழுதுங்கள், தெரியாதவர்களைத் தேடுவதைவிட இது சீக்கிரம் பலிக்கும். இவருடைய பங்கு மூன்றில் ஒன்றாகக் குறையும்வரை, கையில் 3 மாதச் செலவுக்குப் பணம் சேரும்வரை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு நடுவில் அவர் அடுத்த வேலையோடு வருவார். பாக்கி தீர்ந்திருந்தால் அந்த ஒரு பக்கக் கொட்டேஷனை அனுப்புங்கள். அட்வான்ஸ் பாதி முடியாது, 30 சதவீதம் தருகிறேன் என்று பேரம் பேசினால் பரவாயில்லை, ஒத்துக்கொள்ளலாம், பேசுகிறாரே. எழுதிக் கேட்டதற்கே முகம் சுளித்து, "நமக்குள்ள என்ன இதெல்லாம்" என்று அட்வான்ஸும் தராமல் வேலையை மட்டும் தொடங்கச் சொன்னால், அன்றைக்கு விட்டுவிடுங்கள்.