பக்கியின் பின்பக்கம் சுழல்கிறதா? மோட்டாரை விடுங்கள், டயரைப் பாருங்கள்

சிங்கப்பூரின் யீஷூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அண்ணா, நானும் என் பதினான்கு வயது மகனும் நான்கு மாதமாக ஆர்சி பக்கி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் குட்டி வண்டி, ஓட்டுகிறோம். பத்தில் ஒரு பங்கு அளவு, பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி. 13.5 டர்ன் பிரஷ்லெஸ் மோட்டார், 2 செல் லிப்போ பேட்டரி. மண் தடத்தில் வளைவு முடியும் இடத்தில் டிரிகரை அழுத்தினால் பின்பக்கம் சுழன்று வண்டி எதிர்த்திசை பார்த்து நிற்கிறது. மேட்டில் தாவினால் மூக்கு குத்தி விழுகிறது. ஐந்து நிமிடம் ஓடினால் மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. 8.5 டர்ன் மோட்டார் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் தெரிந்தவர்கள். வாங்கலாமா?"

வாங்காதீர்கள், இப்போதைக்கு வேண்டாம். டர்ன் என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை. அது குறையக் குறைய மோட்டாரின் வேகம் கூடும், சூடும் கூடும். உங்கள் வண்டி இருக்கிற சக்தியையே மண்ணில் இறக்க முடியாமல்தான் சுழல்கிறது. அதற்கு மேலும் சக்தி கொடுத்தால் இன்னும் சீக்கிரம் சுழலும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் தடத்தில் ஒரு சுற்றுக்கு 25 விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடப் பந்தயத்தில் 12 சுற்று. புது மோட்டார் சுற்றுக்கு 0.3 விநாடி மிச்சப்படுத்தினாலும் மொத்தம் 3.6 விநாடிதான். வண்டி ஒரு தடவை கவிழ்ந்தால், மார்ஷல் ஓடிவந்து தூக்கி நிறுத்தி, நீங்கள் மறுபடி வேகம் எடுப்பதற்குள் ஆறேழு விநாடி போய்விடும். ஒரே ஒரு கவிழல் புது மோட்டாரின் முழு லாபத்தையும் தின்றுவிடுகிறது. அந்தக் காசில் இரண்டு ஜோடி டயர், இரண்டு பாட்டில் ஷாக் எண்ணெய், ஒரு வெப்பமானி வாங்கலாம். மிச்சமும் இருக்கும்.

டயரிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கோளாறில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு டயருக்கு உள்ள பிடிமானம் ஓர் அளவுதான். அதை வைத்தே அது வண்டியை முன்னால் தள்ளவும் வேண்டும், பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கவும் வேண்டும். வளைவில் பக்கப்பிடிக்கே பெரும்பகுதி செலவாகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் டிரிகரை அழுத்தினால் பக்கப்பிடி விட்டுப்போகும், வால் சுழலும். ஆகவே பிடிமானத்தைக் கூட்ட வேண்டும், அல்லது கேட்பதைக் குறைக்க வேண்டும். இரண்டையும் செய்யலாம்.

நம் ஊர் மண் தடம் ஒரே நாளில் மூன்று தடமாக மாறும். காலையில் கெட்டித் தரையின் மேல் மெல்லிய புழுதி. மதியம் ஒரு மழை கொட்டியதும் மேல்மண் பிசைந்த சப்பாத்தி மாவு போல ஆகிவிடும். வெயில் திரும்பி வந்து இரண்டு மணி நேரத்தில் மறுபடி இறுகிவிடும். டயரின் மேல் நிற்கும் ரப்பர் முட்கள் குட்டையாகவும் நெருக்கமாகவும் இருந்தால், ரப்பரும் மென்மையாக இருந்தால், காய்ந்த கெட்டித் தரைக்கு நல்லது. ஈரமண்ணில் அதே டயரின் முட்களுக்கு நடுவே சேறு அடைத்துக்கொள்ளும், டயர் வழவழப்பான உருண்டையாகிவிடும். ஈரத்துக்கு முட்கள் உயரமாக, இடைவெளி விட்டு இருக்க வேண்டும், அப்போதுதான் சுழலும் வேகத்தில் சேற்றை உதறித் தள்ளும். கிட்டோடு வந்த ஒரே ஜோடியைத்தான் எல்லா நிலைக்கும் போடுகிறீர்கள் என்றால், முதலில் மாற வேண்டியது அதுதான்.

இன்று மாலை உங்கள் பின் டயரை விளக்குக்கு அடியில் வைத்துப் பாருங்கள். முட்களின் விளிம்பு கூர்மையாக, புது அழிரப்பரின் ஓரம் மாதிரி இருக்கிறதா, அல்லது மழுங்கி வட்டமாகிவிட்டதா? மழுங்கியிருந்தால் அந்த ஜோடியைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் டயரின் ஓரத்தைச் சக்கரத்திலிருந்து கட்டைவிரலால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். பசை விட்டிருந்தால் வளைவில் டயர் தனியாக மடங்கும், சக்கரம் தனியாகப் போகும். ஒட்டும் முன் ரப்பரையும் சக்கர விளிம்பையும் ஆல்கஹாலால் துடைக்காவிட்டால், வார்ப்பு அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல்தான் பசை உட்காரும். முதல் பந்தயத்தில் எனக்கு அப்படித்தான் ஒரு டயர் கழன்றது. அன்றிலிருந்து துடைக்காமல் எதையும் ஒட்டுவதில்லை.

மழைக்காலத்துக்கு இன்னொன்று. டயருக்குள் இருக்கும் ஃபோம், பாத்திரம் தேய்க்கும் பஞ்சு போல நீரைக் குடிக்கும். காற்றுப் போக விடும் துளைகள் சக்கரத்தில் இருந்தால் நீர் உள்ளே நுழையும், வெளியேறாது. நான்கு சக்கரமும் கனத்துப்போகும், வண்டி எருமை மாதிரி நகரும். சக்கரத் துளைகளை டேப்பால் அடைத்துவிட்டு, டயரின் நடு வட்டத்தில் எதிரெதிராக இரண்டு சிறு துளை போடுங்கள். சுற்றும்போது நீர் தானாகவே வெளியே தெறித்துவிடும்.

அடுத்தது ஸ்லிப்பர் கிளட்ச். மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரம்தான் ஸ்பர். அதன் மேல் ஸ்பிரிங்கோடு ஒரு நட் இருக்கும், பலர் அதை இறுக்கி மூடிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அது கொஞ்சம் வழுக்க வேண்டும், அதற்காகத்தான் அங்கே இருக்கிறது. மோட்டாரின் திடீர் உதையை அது வாங்கிக்கொண்டு டயருக்கு மெதுவாகக் கொடுக்கும். நின்ற இடத்திலிருந்து முழு டிரிகர் கொடுத்துக் காதைத் தீட்டிக் கேளுங்கள். முதல் ஓரடி, இரண்டடி தூரத்துக்கு 'ஸ்ஸீ' என்று மெல்லிய சத்தம் வந்து அடங்கினால் சரி. சத்தமே இல்லை என்றால் கால் சுற்று தளர்த்துங்கள். சத்தம் நேர்ப்பாதை முழுக்க வந்தால் அதிகம் தளர்ந்திருக்கிறது, ஸ்பர் சூடேறி உருகிவிடும். உங்கள் வண்டியில் பால் டிஃப் (இரண்டு பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும், குண்டுகள் வைத்த பகுதி) இருந்தால் அது ஸ்லிப்பரை விட இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு பின்சக்கரத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு ஸ்பரைக் கட்டைவிரலால் தள்ளுங்கள். ஸ்லிப்பர்தான் முதலில் வழுக்க வேண்டும். டிஃப் வழுக்கினால் உள்ளே இருக்கும் குண்டுகளும் வளையங்களும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

ஷாக் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிங்கப்பூரில் இதை யாரும் கவனிப்பதில்லை. 1984இல் டீம் அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்சி10 பக்கி வந்த காலத்திலேயே எண்ணெய் நிரப்பிய ஷாக் இருந்தது. அதற்குப் பிறகு மோட்டார் பிரஷ்லெஸ் ஆனது, பேட்டரி லிப்போ ஆனது, ஆனால் ஷாக்கின் அடிப்படை அதேதான்: சிறு துளைகள் போட்ட பிஸ்டன் சிலிக்கான் எண்ணெய்க்குள் ஏறி இறங்குகிறது. அந்த எண்ணெயின் தடிமன் வெப்பத்தைப் பொறுத்து மாறும். 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குப் போனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். கிட்டோடு வரும் செட்டப் தாளைக் குளிரான ஊரில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். அதில் உள்ள 35 வெயிட் (எண்ணெயின் தடிமனைச் சொல்லும் எண்) எண்ணெயை நாம் மதிய வெயிலில் போட்டால் 30க்குப் பக்கத்தில் வேலை செய்யும். நான் தாளில் உள்ளதைவிட 2.5 வெயிட் கூட்டித்தான் தொடங்குவேன். மழை விட்ட மாலையில் வண்டி விறைப்பாகத் தோன்றினால் பழையதுக்குத் திரும்புவேன்.

எண்ணெய் ஊற்றியதும் அவசரப்பட்டு மூடாதீர்கள். பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் அடியிலிருந்து நூல் போலக் குமிழிகள் கிளம்பி வரும். நின்றுவிட்டன என்று தோன்றும்போது இன்னும் பத்து நிமிடம் வையுங்கள், கடுகளவு குமிழி ஒன்றிரண்டு மேலே வரும். அந்தக் கடுகுதான் ஷாக்குக்குள் காற்றாக நின்று, இடது பக்கமும் வலது பக்கமும் வேறு மாதிரி நடக்க வைப்பது. மூடிய பிறகு இரண்டு ஷாக்கையும் அருகருகே பிடித்து ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஒரே வேகத்தில் திரும்பி வரும்வரை விடாதீர்கள்.

வண்டியின் உயரத்துக்கு அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். பேட்டரி போட்டு, மேசையில் ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு, அடித்தட்டுக்கும் மேசைக்கும் இடையே அளந்தால் மேடுபள்ளமான மண்ணுக்கு 24 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். பின் டயரின் சாய்வு எதிர் 1 டிகிரி, அதாவது மேல்பக்கம் உள்ளே சாய்ந்து. டயரின் முன்பக்கம் உள்நோக்கிய கோணம் 3 டிகிரி. பேட்டரியை நகர்த்த இடம் இருந்தால் ஒரு படி பின்னால் தள்ளுங்கள், பின் டயர் மேல் பாரம் கூடி நன்றாக அழுந்தும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமலே போகும்.

மோட்டார் சூட்டுக்கு வருவோம். விரலை நம்பாதீர்கள், 60 டிகிரியே விரலுக்குச் சுடும். இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நெற்றியில் காட்டும் வகை உதவாது, அது உடல் சூட்டுக்கு மேல் காட்டாது. பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் குறைத்துச் சொல்லும், அதனால் மோட்டாரின் மேல் சிறு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதில் காட்டுங்கள். வண்டி நின்றவுடன் 70 டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. 80ஐத் தொட்டால் கியரை மாற்ற வேண்டும். 90க்கு மேல் போகவிட்டால் உள்ளே இருக்கும் காந்தம் மெல்லப் பலமிழக்கும், பிறகு ஆறினாலும் பழைய பலம் வராது. இங்கேயும் நம் வானிலை கணக்கில் வரும்: 20 டிகிரி ஊரில் 68 காட்டும் அதே கியர், 32 டிகிரியில் 80 காட்டும்.

கியர் கணக்கு எளிது. ஸ்பரின் பற்களைப் பினியனின் (மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பல்சக்கரம்) பற்களால் வகுத்து, பெட்டிக்குள் இருக்கும் விகிதத்தால் பெருக்குங்கள். ஸ்பர் 72, பினியன் 24, உள் விகிதம் 2.6 என்றால் 7.8 வரும். பினியனில் ஒரு பல் குறைத்து 23 போட்டால் 8.14. நேர்ப்பாதையின் கடைசியில் கொஞ்சம் வேகம் குறையும், ஆனால் சூடு இறங்கும். மோட்டாரின் பின்மூடியில் டைமிங்கை யாராவது ஏற்றிவைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். ஏற்றினால் சுழற்சி கூடும், சூடும் கூடவே வரும்.

மூக்கு குத்துவதற்குப் பெரும்பாலும் விரல்தான் காரணம். மேட்டின் உச்சி நெருங்கும்போது பயத்தில் டிரிகரை விட்டுவிடுகிறோம். ஸ்பீட் கண்ட்ரோலரில் டிராக் பிரேக் வைத்திருந்தால், விட்டதே பிரேக் போட்டதற்குச் சமம். சக்கரம் நிற்க, அந்தச் சுழற்சி வண்டியின் உடலுக்குப் போய் மூக்கு கீழே இறங்கும். உச்சியைத் தாண்டும்வரை ஒரே அளவில் அழுத்திப் பிடியுங்கள். காற்றில் இருக்கும்போது மூக்கு இறங்கினால் ஒரு தட்டு டிரிகர் கொடுங்கள்: பின்சக்கரங்கள் வேகமெடுக்கும், எதிர்ப்பக்கம் உடல் திரும்பி மூக்கு எழும். மூக்கு தூக்கினால் ஒரு தட்டு பிரேக். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இது நன்றாக எடுபடும், உங்களுடையதில் இரண்டு சக்கரம்தான் என்பதால் கொஞ்சம் முன்கூட்டியே செய்ய வேண்டும். இதையெல்லாம் செய்தும் பின்பக்கம் உதைத்து எழும்பினால், பின் ஷாக் எண்ணெயை ஒரு படி தடிப்பாக்குங்கள்.

வால் சுழல்வதிலும் விரலுக்குப் பங்கு உண்டு. வளைவுக்குள் நுழையுமுன் வேகத்தைக் குறைத்து, டிரிகர் இல்லாமல் உருள விட்டு, முன்சக்கரம் நேராகிற நேரத்தில் எலுமிச்சம்பழம் பிழிவது போல மெல்ல அழுத்துங்கள். திறந்த மைதானத்தில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளை ஆறு மீட்டர் இடைவெளியில் வைத்து, எட்டு போடச் சொல்லுங்கள் மகனை. ஒரு பேட்டரி தீரும்வரை ஒரு தடவைகூடச் சுழலாமல் போட வேண்டும். வண்டி நம்மை நோக்கி வரும்போது இடதும் வலதும் மாறிப்போகும் குழப்பம் தீர இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. புளோக் கீழ்த்தளத்தில் மட்டும் வேண்டாம், ஒன்றரைக் கிலோ வண்டி ஒரு முதியவரின் கணுக்காலில் பட்டால் எலும்பு தாங்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் பேட்டரியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. நான் ஒரு தடவை முழுச் சார்ஜ் போட்ட பேட்டரியை மூன்று வாரம் காலணி அலமாரியில் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது தலையணை போல உப்பியிருந்தது. அந்த அலமாரி இருந்தது வாசல் கதவுக்குப் பக்கத்தில், தீ பிடித்திருந்தால் வீட்டில் இருந்தவர்கள் வெளியேற வழியே இருந்திருக்காது. முழுச் சார்ஜ் என்பது 8.4 வோல்ட். ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8, மொத்தம் 7.6 வோல்டில் வையுங்கள், சார்ஜரிலேயே அதற்கான தேர்வு இருக்கும். 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர் போதும். டைல்ஸ் தரையில், கதவுக்கும் திரைச்சீலைக்கும் தள்ளி, நீங்கள் விழித்திருக்கும்போது மட்டும் சார்ஜ் போடுங்கள். தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள் என்று குடிமைத் தற்காப்புப் படை மின்சைக்கிள் பேட்டரிகளுக்குச் சொல்வது இதற்கும் பொருந்தும். உப்பியதை ஒரு தடவைகூட மீண்டும் சார்ஜ் போடாதீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டயரையும் ஸ்லிப்பரையும் மட்டும் சரிசெய்து ஓட்டுங்கள், அதிலும் காலையில் ஒன்று, மதியத்துக்குப் பிறகு ஒன்று. எண்ணெயும் பினியனும் அதற்கடுத்த வாரம். எனக்குத் திரும்ப எழுதும்போது நான்கு விவரம் வேண்டும்: எந்த டயர், தடம் ஈரமா காய்ந்ததா, வண்டி நின்றவுடன் மோட்டார் எத்தனை டிகிரி, வளைவின் எந்த இடத்தில் வால் விடுகிறது. நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா என்பதை மகனிடம் கேட்டு எழுதுங்கள். ஓட்டுபவரைவிடப் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் அது தெளிவாகத் தெரியும்.