ஸ்கேன் பார்த்துப் போடும் முழங்கால் ஊசி: கேள்வி பதில்

முழங்காலில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பில் காயம் பட்டால், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்த்து ஊசி போடுவது என் அன்றாட வேலை. வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கபடியில் கால் திரும்பிவிட்டது. எம்ஆர்ஐயில் குருத்தெலும்புக் காயம் என்று இருக்கிறது. ஊசி போட்டால் வளருமா? வயது 24.

வளராது, தம்பி. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதனால் தோல் ஆறுவதுபோல் அது ஆறாது. ஊசி வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். அந்த இடைவெளியில் தொடைத் தசையைப் பலப்படுத்த வேண்டும். மடக்கி நீட்டும்போது முழங்கால் நடுவில் சிக்கி நின்றுவிடுகிறது என்றால் துண்டு பெயர்ந்திருக்கலாம். முதலில் அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

ஸ்கேன் பார்த்து எப்படிப் போடுவீர்கள், டாக்டர்?

படுக்கவைத்து முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றை வைப்பேன். கால் லேசாக மடங்கும். கருவியை முழங்கால் சில்லுக்கு மேல்பக்கம் வைத்தால், தொடைத் தசைநாணுக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு தெரியும். மூட்டுப் பையின் மேல் மடிப்பு அது. வெளிப்பக்கத்திலிருந்து ஊசி வெள்ளைக் கோடாக உள்ளே வரும். மருந்தைத் தள்ளும்போது அந்த மடிப்பு விரிவதைக் கண்ணால் பார்க்கலாம். விரியாமல் கொழுப்புக்குள் உருண்டு நின்றால், உடனே நிறுத்தி ஊசியை நகர்த்துவேன். நீர் கோத்திருந்தால் முதலில் அதை எடுப்பேன். அது கலங்கலாக இருந்தால் ஸ்டீராய்டு (வீக்கம் குறைக்கும் மருந்து) போடமாட்டேன், பரிசோதனைக்கு அனுப்புவேன்.

ஒன்று சொல்ல வேண்டும்: குருத்தெலும்பு முழுவதும் இந்த ஸ்கேனில் தெரியாது, எலும்பு மறைத்துவிடும். காயத்தின் அளவுக்கு எம்ஆர்ஐதான்.

நானும் எலும்பு மருத்துவர். 30 வருடமாகக் கையால் தடவிப் பார்த்தே போடுகிறேன். ஸ்கேன் பில்லை ஏற்றத்தான்.

உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், சார். நீர் நிறைந்த முழங்காலுக்குக் கையே போதும். நான் கவலைப்படுவது நீர் இல்லாத முழங்காலைப் பற்றி. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் எலும்பு மருத்துவர் ஒருவர் அப்படிப்பட்ட முழங்கால்களுக்குப் போட்ட 240 ஊசிகளைப் படமெடுத்துப் பார்த்தார்கள். சில்லின் வெளிப்பக்கமாகப் போட்டதில் 93 சதவீதம் மூட்டுக்குள் போனது. முன்பக்கமாக இரண்டு வழிகளில் போட்டவற்றில் 71, 75 சதவீதம்தான்.

93 போதாதா?

வெளிப்பக்கமாகப் போடும் பழகிய கைக்குப் போதும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்பக்கமாகப் போடுவோர் ஏராளம், பருத்த கால்களும் ஏராளம். மருந்து வெளியே விழுந்துவிட்டு, "ஊசி கேட்கவில்லை" என்று நோயாளி அறுவைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். செலவு பற்றிச் சொன்னது நியாயம். கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தால் முழங்காலுக்கு வாங்கும் ஸ்கேனையும் பதிவு செய்தாக வேண்டும். என் ஊசி அறையிலும் "ஆணா பெண்ணா என்று சொல்லப்படமாட்டாது" என்ற பலகை இருக்கிறது. சிறு கிளினிக்குகள் தயங்குவது புரிகிறது.

அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். சுகர் உண்டு.

தொடர வேண்டாம் என்பேன். 2017இல் வந்த ஆய்வில், மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேரில் ஒரு பாதிக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை இரண்டு வருடம் ஸ்டீராய்டும், மறுபாதிக்கு உப்புநீரும் போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்தது, வலியில் வித்தியாசமில்லை. ஊசிக்குப் பின் சில நாள் சுகர் ஏறும், தினமும் பாருங்கள். மூட்டு மாற்று அறுவை திட்டமிருந்தால், அதற்கு முந்தைய மூன்று மாதம் ஊசியே வேண்டாம். தொற்று அபாயம் கூடும்.

பிஆர்பி (சொந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தட்டணு நீர்) மூன்று ஊசி போட்டால் ஜவ்வு வளரும் என்கிறார்கள்.

வளராது. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் 288 பேரிடம் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்து உப்புநீர் ஊசியைவிட வலியிலும் குருத்தெலும்பிலும் மேலாக ஒன்றுமில்லை. தேய்மானக்காரர்களிடம் செய்த ஆய்வுதான் இது. ஆனாலும் "வளரும்" என்று விற்பவரை நம்பாதீர்கள்.

எத்தனை ஊசியில் குருத்தெலும்பு வளரும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஜெல் ஊசி (மூட்டு வழுவழுப்புக்குப் போடுவது) போட்டாலாவது வளருமா?

வளராது. எந்த ஊசியாலும் வளரும் என்று நான் சொல்லமாட்டேன்.

நேற்று முன்தினம் வேறிடத்தில் ஊசி போட்டேன். இன்று முழங்கால் சூடாக வீங்கிக் காய்ச்சல் அடிக்கிறது. ஐஸ் வைக்கலாமா?

ஐஸ் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். இப்போதே அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தால் சில நாட்களில் குருத்தெலும்பை அழித்துவிடும். நீங்களாக ஆன்டிபயாடிக் போடாதீர்கள். முதலில் நீர் எடுத்துப் பார்க்கட்டும். ஊசிச் சீட்டைக் கையோடு கொண்டு போங்கள்.