காக்னிட்டிவ் சைக்காலஜி தாள்: மார்க் எங்கே போகிறது?

பி.எஸ்சி. சைக்காலஜி மாணவர்களுக்கு, கவனமும் நினைவும் மொழியும் எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிற காக்னிட்டிவ் சைக்காலஜி தாளைப் பதினாறு வருஷமாக நடத்துகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். இந்தத் தாளில் எதற்கு மார்க் விழுகிறது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில். மதிப்பெண் கணக்கு, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் பெரும்பாலும் இருக்கிற 25 இன்டர்னல், 75 செமஸ்டர் என்ற முறைப்படி. தன்னாட்சிக் கல்லூரிகளில் இது மாறும், உங்கள் சிலபஸ் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடம், எல்லாக் கேள்வியும் எழுதினேன், அடிஷனல் ஷீட் இரண்டு வாங்கினேன். 75-க்கு 38 வந்திருக்கிறது. எங்கே போயிற்று மார்க்?

வழக்கமான தாளில் இரண்டு மார்க் பத்து, ஐந்து மார்க் ஐந்து, பத்து மார்க் மூன்று. இரண்டு மார்க்கில் யாருக்கும் பெரிதாக அடிபடுவதில்லை. அந்த மூன்று பத்து மார்க்கில்தான் ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு மார்க் வித்தியாசம் வருகிறது.

உங்கள் விடைத்தாளை நான் பார்க்கவில்லை, ஆனால் 38 வாங்குகிற தாள் எப்படி இருக்கும் என்று தெரியும். "நேரில் கண்ட சாட்சியின் நினைவை விளக்குக" என்று கேள்வி. பதில் இப்படி ஆரம்பிக்கும்: நினைவு என்பது மாறக்கூடியது, சாட்சிகள் சொல்வது எப்போதும் சரியாக இருக்காது, மனிதர்கள் பார்த்ததைத் தவறாக நினைவுகூரலாம். மூன்றும் ஒரே வாக்கியம், சட்டை மட்டும் வேறு. இப்படியே இரண்டு பக்கம் ஓடும்.

இதே கேள்விக்கு இன்னொரு பெண் எழுதுகிறாள்: 1974-இல் லாஃப்டஸ், பாமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 45 மாணவர்களுக்கு விபத்துப் படத்துண்டுகளைக் காட்டினார்கள், பிறகு கார் என்ன வேகத்தில் போனது என்று கேட்டார்கள், கேள்வியில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். கார்கள் "நொறுங்க மோதியபோது" என்று கேட்டவர்களுக்கு வந்த சராசரி மணிக்கு 40 மைலுக்குச் சற்று மேல், "தொட்டபோது" என்று கேட்டவர்களுக்கு 31.8. அப்புறம் வேறு 150 பேருக்கு இன்னொரு விபத்துப் படம், ஒரு வாரம் கழித்து "உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா" என்ற கேள்வி. படத்தில் கண்ணாடியே உடையவில்லை. "நொறுங்க மோதிய" குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள், சாதாரணமாக "மோதிய" என்று கேட்ட குழுவில் 7 பேர். அதனால், கேட்கிற விதம் பதிலை மட்டும் மாற்றவில்லை, நினைவுக்குள்ளேயே போய்விட்டது என்பது அவர்கள் வாதம். கடைசியில் ஒரு வரி: ஆய்வகத்தில் படம் பார்ப்பதும் ரோட்டில் விபத்தைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

முக்கால் பக்கம்தான். நான் எட்டரை போடுவேன். என்ன செய்தார்கள், எதை அளந்தார்கள், என்ன வந்தது, அதிலிருந்து என்ன சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. இந்த வரிசையை விடைத்தாளில் தேடித்தான் பேனா போகிறது. கேமிராவும் கம்ப்யூட்டரும் மாதிரி மனம் என்கிற உவமைக்கு மார்க் கிடையாது, பாவம், அதை எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஆய்வாளர் பெயர், வருஷம் எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டுமா? தப்பாக எழுதினால் குறைப்பீர்களா?

எவ்வளவு விஷயத்தை ஒரே நேரத்தில் நினைவில் வைக்க முடியும் என்று மில்லர் எழுதிய வருஷம் 1956, அதை 1958 என்று எழுதினால் நான் குறைக்க மாட்டேன், குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மில்லர் சொன்னதை மாற்றி எழுதினால் கட்டாயம் குறையும். "மனிதனால் ஏழு எழுத்துகளைத்தான் நினைவில் வைக்க முடியும்" என்று எழுதுகிறீர்களே, அவர் சொன்னது எழுத்துகளை அல்ல, கொத்துகளை. பத்து இலக்க மொபைல் நம்பரை ஐந்து ஐந்தாகச் சொல்கிறோமே, அதில் ஒவ்வொரு ஐந்தும் ஒரு கொத்து ஆகலாம். 2001-இல் கோவன் என்ற ஆய்வாளர் அந்த ஏழையும் நாலு சுமார் என்று இறக்கினார், அதையும் ஒரு வரி சேர்த்தால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ப்ளஸ் டூ வரை தமிழ் மீடியம். வகுப்பில் புரிகிறது, ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. தமிழில் எழுதலாமா மேடம்?

ஆங்கில வழிப் படிப்பாக இருந்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதியுங்கள் என்று 2023-இல் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டதா என்பதைத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள், சீனியர் சொன்னார் என்று ஹாலில் போய் எழுதிவிடாதீர்கள்.

ஆங்கிலத்தில்தான் எழுதியாக வேண்டும் என்றால் படமும் அட்டவணையும் உங்கள் தோழர்கள். பேட்லியும் ஹிட்ச்சும் 1974-இல் சொன்ன வொர்க்கிங் மெமரி (வேலை நடக்கும்போது விஷயத்தைப் பிடித்து வைத்திருக்கிற நினைவு) மாடலுக்கு மூன்று பெட்டி, 2000-இல் பேட்லி சேர்த்த நாலாவது பெட்டி, அம்புக்குறிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஐந்தாறு வார்த்தையில் ஒரு வாக்கியம். இலக்கணப் பிழைக்கு நான் மார்க் குறைத்ததே இல்லை. புரியாமல் அழகான ஆங்கிலத்தில் கைடை அப்படியே ஒப்பித்தவர்களுக்கு நிறையக் குறைத்திருக்கிறேன்.

ஸ்ட்ரூப் பிராக்டிகலில் என் சப்ஜெக்டுக்கு (சோதனைக்கு உட்கார்ந்தவருக்கு) ரிசல்ட் தலைகீழாக வந்துவிட்டது. எல்லோருக்கும் போலவே மாற்றி எழுதிவிடட்டுமா? ரெக்கார்டு நாளை வைக்க வேண்டும்.

மாற்றாதீர்கள். இந்த ஒரு கேள்விக்காகவே உட்கார்ந்து பதில் எழுதலாம்.

தெரியாதவர்களுக்கு: "சிவப்பு" என்ற வார்த்தையை நீல மையில் எழுதி, வார்த்தையைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்வது. வாய் "சிவ..." என்று போய்த் திரும்பும். 1935-இல் ஸ்ட்ரூப் செய்தபோது வெறும் நிறக் கட்டங்கள் 100-க்கு சராசரி 63.3 விநாடி ஆனது, வார்த்தையும் மையும் முரணான 100-க்கு 110.3 விநாடி.

சில வருஷம் முன்னால் ஒரு மாணவி ரெக்கார்டில் நிறக் கட்ட அட்டை, முரண் வார்த்தை அட்டை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் போட்டிருந்தாள். தோழிகள் எல்லோரும் திருத்தச் சொல்லியிருக்கிறார்கள். அவள் திருத்தவில்லை. அட்டை தமிழில் இருந்தது, அவள் சப்ஜெக்டாக உட்கார வைத்தது ஹாஸ்டல் ரூம்மேட்டை, வடமாநிலப் பெண், தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரியாதவளுக்கு அந்த எழுத்து வெறும் கோடு, அப்புறம் எது குறுக்கே வரும்? இதை டிஸ்கஷனில் ஆறு வரி எழுதியிருந்தாள், கூடவே ஆங்கில அட்டை ஒன்றைத் தானே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி அதே பெண்ணிடம் மறுபடி செய்து பார்த்து, அதில் நேரம் எகிறியதையும் போட்டிருந்தாள். அந்த செட்டில் அதிக மார்க் அவளுக்குத்தான். வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் அந்த ரெக்கார்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினார்.

உங்கள் விஷயத்தில் என்ன ஆனது என்று யோசியுங்கள். எந்த அட்டையை முதலில் கொடுத்தீர்கள்? சப்ஜெக்ட் பயிற்சி எடுத்துக்கொண்டாரா? கண்ணைச் சுருக்கி எழுத்தை மங்கலாக்கிக்கொண்டாரா (நிறைய பேர் செய்வார்கள், கேட்டால் சிரிப்பார்கள்)? ஸ்டாப்வாட்சை யார் அழுத்தினார்கள்? காரணம் எழுதுங்கள், மார்க் வரும். மாற்றி எழுதுகிறவர்கள் நினைப்பதுபோல எங்களுக்குத் தெரியாமல் இருப்பதில்லை. ஒரே சீனியர் ரெக்கார்டிலிருந்து இறங்கிய பதினோரு ரெக்கார்டில் புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் வரை ஒன்றாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். வைவாவில் "உங்கள் சப்ஜெக்ட் யார், எங்கே உட்கார வைத்தீர்கள்" என்று கேட்டால் போதும், முகமே சொல்லிவிடும்.

அசைன்மென்டை சாட்ஜிபிடியில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவீர்களா?

கண்டுபிடிக்கிற சாப்ட்வேரை நான் நம்புவதில்லை, சொந்தமாக எழுதியவர்களையும் மாட்டிவிடுகிறது. நான் பார்ப்பது வேறு. இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டியிருப்பார்கள், தேடினால் அந்தப் பத்திரிகையின் அந்த இதழில் வேறு எதுவோ இருக்கும். அது ஒன்று போதும் பூஜ்யம் போட. இப்போதெல்லாம் ஏழு நாள் மறதிக் குறிப்பு எழுதச் சொல்கிறேன்: தினமும் எதை மறந்தீர்கள், எங்கே இருந்தபோது, எப்படித் திரும்ப நினைவு வந்தது, இது கவனம் போனதாலா, சேமிப்பு போனதாலா, எடுக்க முடியாமல் போனதாலா. அதையும் ஒருவன் மெஷினிடம் எழுதி வாங்கி வந்தான். திங்கள்கிழமை "கார் சாவியை அலுவலக மேஜையில் மறந்துவிட்டேன்" என்று இருந்தது. பையன் டவுன் பஸ்ஸில் வருகிறவன்.

ஆங்கிலத்தைத் திருத்த, புரியாத பத்தியை எளிதாகக் கேட்டுப் புரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. உங்கள் ஆசிரியருக்கு ஆட்சேபம் உண்டா என்று முதலில் கேளுங்கள்.

தொலைதூரக் கல்வியில் படிக்கிறேன், வயது 41, இரண்டு பிள்ளைகள். ராத்திரி நான்கு முறை வாசித்தாலும் காலையில் எதுவும் இல்லை. வயதாகிவிட்டதா மேடம்?

இல்லைங்க. நான்கு முறை வாசிக்கிறீர்களே, அதுதான் பிரச்சினை. உங்கள் பாடத்திலேயே பதில் இருக்கிறது. 2006-இல் ரோடிகரும் கார்பிக்கும் மாணவர்களை ஒரு பத்தியைப் படிக்க வைத்தார்கள். ஒரு முறை மறுபடி வாசிப்பு, இன்னொரு முறை புத்தகத்தை எடுத்துவிட்டு நினைவிலிருந்து எழுதுவது. ஐந்து நிமிஷம் கழித்து எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்த்தால் மறுபடி வாசித்ததே முன்னால் நின்றது, 81 சதவீதத்துக்கு 75. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தது 56, வாசித்தது 42. வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருக்கும், அந்தத் தெரிந்த மாதிரிதான் ஏமாற்றுகிறது.

ஒரு முறை வாசியுங்கள், மூடுங்கள், பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நினைவுக்கு வந்ததைக் கிறுக்குங்கள், திறந்து விட்டதைப் பாருங்கள். சமைக்கும்போது பிள்ளைகளிடம் பரிசோதனையைக் கதையாகச் சொல்லுங்கள். ஒரு சோதனையில், கொரில்லா வேஷம் போட்டவர் பந்து விளையாடுகிறவர்கள் நடுவே நடந்து போனதை, வீடியோவில் பந்துப் பாஸ்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பார்க்கவே இல்லை, அதை ஏழாம் வகுப்புப் பிள்ளை உங்களைவிட நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளும், அப்புறம் உங்களுக்கே திருப்பிச் சொல்லும்.

மகள் மனோதத்துவம் படிக்கிறாள் என்று சேர்த்தேன். இப்போது மூளைப் படம், புள்ளியியல், விநாடிக் கணக்கு என்கிறாள். கவுன்சிலிங் எப்போது சொல்லித் தருவார்கள்?

அது வேறு தாளில் வரும் சார். கவனமும் நினைவும் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு ஆலோசனை சொல்வது ஆபத்து. புள்ளியியலுக்கு மட்டும் இப்போதே ஒரு ட்யூஷன் பாருங்கள், எம்.எஸ்சி.யில் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

அக்கா பெண் அமெரிக்காவில் படிக்கிறாள். அவள் சிலபஸில் "ஆய்வுகளில் பங்கேற்றால் கிரெடிட்" என்று இருக்கிறதாம். இவர்களையே வைத்துச் சோதனை செய்வார்களா? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றும் இல்லை. அங்கே பல சைக்காலஜித் துறைகளில் வழக்கம்தான், திரையில் எழுத்து வந்தால் பட்டனை அழுத்து என்கிற மாதிரி அரை மணி, ஒரு மணி வேலை. உட்கார மனமில்லை என்றால் அதற்குச் சமமான வேறு வேலை கொடுத்தாக வேண்டும் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையிலேயே இருக்கிறது, நடுவில் எழுந்து போகவும் உரிமை உண்டு. பெண்ணை ஒரு முறையாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சப்ஜெக்டாக உட்கார்ந்தவர்கள் எழுதுகிற ரெக்கார்டு தனியாகத் தெரியும்.

இன்டர்னலில் 25-க்கு 14. என்னைவிடக் குறைவாக எழுதிய பையனுக்கு 21. எங்கள் டிபார்ட்மென்டில் முகம் பார்த்துத்தான் போடுகிறார்கள். என்ன செய்வது?

நடக்கும், நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கணக்கைக் கேளுங்கள். டெஸ்ட், அசைன்மென்ட், செமினார், வருகைப்பதிவு என்று அந்த 25 பிரிந்திருக்கும், எதில் எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு முறை நானே ஒரு பெண்ணின் செமினார் மார்க்கைக் கூட்டாமல் விட்டிருந்தேன், அவள் டெஸ்ட் பேப்பரோடும் செமினார் தேதியோடும் வந்து நின்றாள், அன்றே திருத்தினேன். "எனக்கு ஏன் கம்மி" என்று மட்டும் வந்திருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. அதனால் திருத்திய டெஸ்ட் பேப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள், அனுப்பிய பிறகு எல்லோரும் கையை விரிப்பார்கள்.

நாளை மறுநாள் எக்ஸாம். இன்னும் புத்தகமே தொடவில்லை. ஏதாவது?

சரி. நினைவு யூனிட்டை முழுசாகப் பிடியுங்கள், கேள்வி அதிலிருந்து வராமல் இருந்து நான் பார்த்ததில்லை. அட்கின்சனும் ஷிஃப்ரினும் சொன்ன நினைவு மாடல், பேட்லி படம், பீட்டர்சன் தம்பதியின் மறதிச் சோதனை, லாஃப்டஸ். கவனத்தில் ஸ்ட்ரூப்பும் வடிகட்டிக் கொள்கையும் (வருகிற செய்திகளில் சிலதை மட்டும் கவனம் உள்ளே விடுகிறது என்பது). மொழியில் புரோகா, வெர்னிக் இருவரையும் குழப்பாமல்: மூளையில் புரோகா பகுதி கெட்டால் பேச்சு திக்கித் திணறி வரும், புரிதல் ஓரளவு நிற்கும், வெர்னிக் பகுதி கெட்டால் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது. மற்ற யூனிட்டுகளில் இரண்டு மார்க் மட்டும். ஒவ்வொன்றையும் படித்ததும் மூடிவைத்து எழுதிப் பாருங்கள், நாளை ராத்திரி பதினொன்றுக்குப் படுங்கள். பாஸ் ஆகிவிட்டு வந்து அடுத்த செமஸ்டர் ஆரம்பத்தில் இதே கேள்வியைக் கேளுங்கள், அப்போது வேறு பதில் சொல்கிறேன்.